சைக்கிளிலும் பகிர்வுப் பயணத்திலும் வேலைக்குச் செல்வோருக்குப் பிரான்ஸ் தரும் கொடுப்பனவு

2022 இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல்தான் என்றிருந்த நாட்களில், திருகோணமலையில் சுவரோடு சாத்திக் கிடந்த சைக்கிள்களைத் துடைத்தெடுத்து, உவர்மலை ஏற்றத்தில் இறங்கித் தள்ளியபடி அலுவலகம் போனவர்கள் பலர். அப்படிச் செல்வதற்குப் பணம் தருகின்ற ஏற்பாடொன்று பிரான்சில் இருக்கிறது. அங்கு வேலை செய்யும் நம்மூர் உறவுகளுக்கும் இது பயன்படும் என்பதால் விளக்கமாக எழுதுகிறேன்.

2019 டிசெம்பரில் நிறைவேறிய போக்குவரத்துச் சட்டத்தின் வழியாக வந்து, 2020 மே மாதத்தில் நடைமுறையான இந்தக் கொடுப்பனவு, வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்குச் சைக்கிளிலோ, மின்வலு சைக்கிளிலோ, பிறருடன் ஒரே காரிலோ செல்வோருக்கு உரியது. தனியார் துறையில் இதனை வழங்குவது தொழில்தருநரின் விருப்பம். வழங்கினால், குறித்த எல்லை வரை அதற்கு வரி இல்லை.

அரச ஊழியருக்கோ தொகை நிர்ணயிக்கப்பட்டுள்ளது. 2022 முதல், ஓர் ஆண்டில் 30 முதல் 59 நாட்கள் இவ்வாறு பயணித்தவருக்கு 100 யூரோவும், 60 முதல் 99 நாட்களுக்கு 200 யூரோவும், 100 நாட்களோ அதற்கு மேலோ என்றால் 300 யூரோவும் கிடைக்கும். ஒப்பந்த ஊழியரும் இதற்குள் அடங்குவர். வேலைத்தலத்திலேயே விடுதி பெற்றவருக்கும் அலுவலக வாகனம் பெற்றவருக்கும் உரித்தில்லை. உள்ளூராட்சிச் சபை ஊழியராயின், அந்தச் சபை முதலில் தீர்மானம் நிறைவேற்றியிருக்க வேண்டும்.

என் மனத்துக்கு மிகவும் பிடித்தது, கணக்கு தூரத்தில் அல்லாமல் நாட்களில் எடுக்கப்படுவதும், காரை ஓட்டுபவரும் அதில் ஏறி வருபவரும் சமமாக நடத்தப்படுவதும் ஆகும். கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து நகருக்கு வரும் இரண்டு எழுதுநர்கள் ஒருவரின் காரிலேயே சேர்ந்து வந்தால், இந்த விதிப்படி இருவருக்கும் அந்த நாள் சேரும். அவர்களுள் ஒருவர் மறுநாள் சைக்கிளில் வந்தாலும் அதுவும் அதே கணக்கில் கூடும். வாகனம் இல்லாதவரையும் மதிக்கும் இந்த முறையை நம் திணைக்களங்களும் எண்ணிப் பார்க்க வேண்டுமென்று மனதார விரும்புகிறேன்.

பணம் தானாக வராது. பயணித்த நாட்களைக் குறித்து, உண்மையென உறுதியளிக்கும் கூற்றொன்றை அந்த ஆண்டின் டிசெம்பர் 31 ஆம் திகதிக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்; தொகை அடுத்த ஆண்டில் வழங்கப்படும். பகிர்வுப் பயணத்துக்கு ஆதாரம் கேட்கப்படலாம் என்பதால், உடன் வந்தவரிடம் எழுத்தில் ஓர் உறுதியை அவ்வப்போதே வாங்கி வைப்பது நல்லது.