பில்டுங்ஸ்ரோமான்: உருப்பேற்றுப் புதினம்

ஓர் இளம் உயிர் முதிர்ச்சிக்கு வந்து சேரும் பாதையையே கதைப்பொருளாகக் கொண்ட நாவலை ஜெர்மானியர் ‘பில்டுங்ஸ்ரோமான்’ என்பர். ஆங்கிலத் திறனாய்வாளர்கள் அச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டனர். தமிழில் ‘வளர்ச்சி நாவல்’ என்பது எளிதில் கைக்கு வரும் சொல். ஆனால் இவ்வகை நாவல்களை ஊன்றிப் படிப்பவர்க்கு, அவற்றின் மாந்தரை ஆளாக்குவது அவர்கள் பெற்றவற்றைவிட இழந்தவையே என்பது விளங்கும். ஆகவே இழப்புக்கு உள்ளே இடம் தரும் ஒரு சொல்லே இங்குப் பொருந்தும்.

சொல்லின் முதற்பகுதியான ‘பில்டுங்’, ‘பில்ட்’ என்னும் பெயரடியிலிருந்து வந்தது. பில்ட் என்றால் உரு, படிமம். இடைக்கால ஜெர்மன் மறைஞானியரான எக்கார்ட் போன்றோர், ஆன்மா தன் மேல் படிந்த பிற உருக்களை எல்லாம் களைந்து இறைவனின் உருவில் மீண்டும் அமைவதைப் பற்றிப் பேசியபோது இந்தச் சொற்குடும்பத்தையே கையாண்டனர். 18ஆம் நூற்றாண்டில் அது சமயத்தைக் கடந்து, மனிதன் தன் இயல்பான ஆற்றல்களை முழுமையாக்கிக்கொள்வது என்னும் பொருளுக்கு வந்தது. 1784இல்கூட மெய்யியலாளர் மோசஸ் மெண்டல்ஸ்சோன் இதனைத் தம் மொழிக்குப் புதிதாக வந்த சொற்களில் ஒன்றாகக் குறிப்பிட்டார். இன்றைய ஜெர்மனில் அதற்குக் கல்வி என்பதே வழக்கமான பொருள்.

அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் நம் கவனத்துக்கு உரியது. சிற்பியை ஜெர்மானியர் ‘பில்ட்ஹவர்’ என்கின்றனர்; உருவை வெட்டி எடுப்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். கல்லில் எதையும் சேர்க்காமல், வேண்டாததை நீக்கியே உருவைப் பெறுகிறோம். பில்டுங் என்பதில் இந்த நீக்கமும் அடங்கியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

பில்டுங்கையும் ரோமான் என்னும் நாவற்பெயரையும் இணைத்து இலக்கிய வகையாக வரையறுத்தவர் கார்ல் மோர்கென்ஸ்டெர்ன். இன்று எஸ்தோனியாவில் தார்த்து எனப்படும் அன்றைய தோர்பாத் நகரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர் 1819இல் இதைப் பற்றி ஆற்றிய உரை, அடுத்த ஆண்டு அச்சாயிற்று. நாயகன் உருப்பெறுவதைக் காட்டுவதோடு, படிப்பவரையும் உருப்பெறச் செய்வதால் இப்பெயர் தகும் என்பது அவர் வாதம். அவர் எழுத்து மறக்கப்பட்டுவிட, 1870இல் ஜெர்மன் மெய்யியலாளர் வில்ஹெல்ம் டில்தாய் இச்சொல்லைக் கையாண்டு, 1906இல் வெளிவந்த நூலால் அதைப் பரப்பினார். வாழ்வின் முரண்களும் மோதல்களும் ஒருவர் முதிர்ச்சிக்கும் இசைவுக்கும் போகும் வழியில் கடந்தாக வேண்டிய இடங்கள் என்பது டில்தாயின் பார்வை. அது அழகிய பார்வைதான். ஆனால் இறந்துபோனவர்களை அது சற்று எளிதாகவே கடந்து செல்கிறது.

இருவருமே முன்மாதிரியாகக் கொண்டது 1795–96இல் வெளிவந்த ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் ‘வில்ஹெல்ம் மைஸ்டரின் பயிற்சி ஆண்டுகள்’. அந்நாவலில் வில்ஹெல்ம், தான் காதலித்த நடிகை மரியானே தனக்குத் துரோகம் செய்தாள் என்று நம்பி அவளை விட்டுப் போகிறான். அவள் குற்றமற்றவள் என்பதும், அவன் வரவுக்காகக் காத்திருந்தே இறந்துபோனாள் என்பதும் பல காலம் கழித்தே அவனுக்குத் தெரிய வருகின்றன. அதன் பின்னரே, அவனை மறைவாகக் கவனித்து வழிநடத்திவந்த இரகசிய அமைப்பான கோபுரக் கழகத்தார் அவனிடம் பயிற்சிச் சான்றிதழைத் தருகின்றனர். அவனோ அந்த ஞானியர் முன் ஒன்றைத்தான் கேட்கிறான்: மரியானே பெற்ற சிறுவன் ஃபெலிக்ஸ் உண்மையிலேயே தன் மகன்தானா? ஆம் என்ற விடையோடு, அவனது பயிற்சிக் காலம் முடிந்தது என்ற அறிவிப்பும் வருகிறது. தாயை இழந்த குழந்தைக்குத் தந்தையாவதே இங்கே தேர்ச்சி. இத்தோடும் இழப்பு ஓயவில்லை. அவன் பேணிவந்த சிறுமி மின்யோன் கடைசிப் பகுதியில் இறக்கிறாள். அந்த மரணத்தை நாயகனின் வளர்ச்சிக்கு ஒரு படியென்று கணக்கிட என்னால் இயலவில்லை; அதை அவன் சுமக்கிறான், அவ்வளவுதான்.

ஆங்கில வழக்கான ‘கமிங் ஆஃப் ஏஜ்’ சட்டத்திலிருந்து வந்தது. 21 வயது நிறைந்தவரை உரிய வயதினராக ஏற்ற பழைய ஆங்கிலச் சட்ட மரபை அது குறிக்கிறது. டிக்கின்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் நாயகன் பிப்புக்கு 21 வயது நிறையும் நாளில், பெயர் மறைத்த புரவலர் ஒருவர் சார்பாக வழக்கறிஞர் 500 பவுன் நோட்டு ஒன்றைத் தருகிறார். சட்டப்படி அன்று அவன் ஆளாகிவிட்டான். ஆனால் அதற்குப் பிறகும் அவன் கடனாளியாக, தன்னை வளர்த்த கொல்லன் ஜோவை எண்ணிக் கூச்சப்படுபவனாகவே இருக்கிறான். அந்தப் புரவலர், நாடு கடத்தப்பட்டுத் தடையை மீறித் திரும்பி வந்த தண்டனைக் கைதி மேக்விட்ச் என்று தெரியும்போது முதலில் அருவருப்பே மேலிடுகிறது. பின்னர் மேக்விட்ச் பிடிபட்டு, சொத்து முழுவதும் அரசுடைமையாகும் நிலையில், பிப் நீதிமன்றத்தில் எல்லார் முன்னிலையிலும் அந்தக் கைதியின் கையைப் பற்றிக்கொண்டு நிற்கிறான். கடைசி நாளில், இறந்துவிட்டதாக அவர் எண்ணியிருந்த மகள் உயிரோடு இருப்பதை அவரிடம் சொல்கிறான். தான் எதிர்பார்த்த செல்வம் அத்தனையும் கைவிட்டுப் போனபோதுதான், பிறருக்குக் கொடுக்க அவனிடம் ஏதோ ஒன்று இருந்தது.

இந்த ஆங்கில வழக்கைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘வயதுக்கு வந்த கதை’ என்று எழுதுவது பெரும் பிழை. வயதுக்கு வருதல், ஆளாதல், பருவமெய்துதல் ஆகியவை நம் வழக்கில் பெண் பூப்பெய்துவதையே முதலில் குறிக்கின்றன. ‘வளர்ச்சி நாவல்’ என்பதும் பொருந்தாது. ஏனெனில் ஜெர்மன் திறனாய்வில் ‘என்ட்விக்லுங்ஸ்ரோமான்’ என்று வேறொரு வகை உண்டு, வளர்ச்சி என்பது அதற்கே உரியது. அதுபோலக் ‘கல்விப் புதினம்’ என்பது ‘எர்ட்சீயுங்ஸ்ரோமான்’ என்னும் வகைக்கு ஏற்றது. பக்குவம் ஆழமான சொல்; வினைகளை நுகர்ந்து கழித்து ஆன்மா பக்குவம் அடைவதைச் சைவ சித்தாந்தம் விரிவாகப் பேசுகிறது. எனினும் பக்குவம் முடிவு நிலையைக் காட்டுமேயன்றி, அதற்கு முந்தைய அலைச்சலைக் காட்டாது.

பில்ட் என்பதற்கு நேரான ‘உரு’ நம்மிடமே இருக்கிறது. அது அகராதியில் உறங்கும் சொல்லும் அன்று. பிள்ளை உருப்படுவானா என்று கவலைப்படும் பெற்றோரும், உருப்படாதவன் என்று வைகிற பாட்டியும், ஒருவர் மனிதராவதை உருவெடுப்பதாகவே காண்கின்றனர். ‘உருவாக்கப் புதினம்’ என்றால் வேறு யாரோ உருவாக்குவதாகப் பொருள்படும். ‘உருப்பெறு புதினம்’ என்றால் வினைத்தொகையாகி, உருப்பெறுவது புதினமே என்றாகிவிடும். பெறு என்பது முதனிலை திரிந்து ‘பேறு’ ஆவதால், ‘உருப்பேற்றுப் புதினம்’ என்பதே சரியான ஆக்கம்.

இச்சொல் இன்பமாக முடியும் கதைகளுக்கு மட்டும் உரியதாகாது என்பதையும் சொல்ல வேண்டும். 1948ஐ ஒட்டிய சிக்கந்தராபாத்தைக் களமாகக் கொண்ட அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’, கலவரத்தின் நடுவே ஒரு வீட்டுக்குள் நுழையும் இளைஞன் சந்திரசேகரன், தன் குடும்பத்தைக் காக்க ஒரு பெண் தன்னையே தர முன்வருவதைக் கண்டு தலைதெறிக்க ஓடுவதோடு முடிகிறது. அங்கே சான்றிதழ் தருவார் எவருமில்லை. அவன் இழந்தது தன்னைப் பற்றித் தான் வைத்திருந்த நல்லெண்ணத்தை. அதனால் அந்நாவலையும் உருப்பேற்றுப் புதினம் என்று தயங்காமல் வகைப்படுத்தலாம். கலைஞர் ஒருவர் உருவாவதைக் கூறும் ‘குன்ஸ்ட்லர்ரோமான்’ இதன் உட்பிரிவாகும். அதனைக் ‘கலைஞர் உருப்பேற்றுப் புதினம்’ எனலாம். நாவலின் விரிவு இல்லாத சிறுகதைக்கும் திரைப்படத்துக்கும் ‘முதிர்வுக் கதை’ என்பதே போதும்.