விரலிடுக்கில் இன்னொருவர் முடி

பாம்பனில் நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூனில், அண்ணன் அடிக்கடி கத்தரியை வைத்துவிட்டு டியூப்லைட் அடியில் கையை விரித்துப் பார்ப்பார். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் குண்டூசித் தலையளவு துளை. அதிலிருந்து இரண்டு கறுப்பு முடி எட்டிப் பார்க்கும்.

"இது என் முடி இல்ல தம்பி, எவனோ ஒருத்தனோடது" என்பார்.

உண்மைதான். சலூன்காரர்களின் டை அலர்ஜியைப் பலரும் பேசுகிறார்கள். இதைப் பேசுவோர் குறைவு.

நுண்ணோக்கியில் முடியைப் பார்த்தால் ஓட்டுக்கூரை போலச் செதில்கள் அடுக்கியிருக்கும். அவற்றின் திறந்த விளிம்புகள் எல்லாம் நுனியைப் பார்த்தே இருக்கும். நீளமான ஒரு முடியை இரு விரல்களுக்கு நடுவே நீளவாக்கில் வைத்து முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள். அது வேர்ப்பக்கமாகவே நகரும்.

வெட்டி விழும் துண்டின் வேர்ப்பக்க முனை தோலில் குத்திவிட்டால், இந்தச் செதில்கள் பின்னோக்கிய கொக்கிகளாகிவிடும். திருக்கை வால்முள் தைத்தவர்களுக்கு இது சட்டென விளங்கும்: போவது சுலபம், இழுத்தால் சதையைக் கிழிக்கும். திருக்கை முள் ஒரே குத்தில் இறங்கும். முடிக்கு அவசரமில்லை, விரல்கள் உரச உரச, மயிரிழை மயிரிழையாக உள்ளே போகும்.

விரலிடுக்குத் தோல் மெல்லியது, ஈரத்தில் ஊறினால் இன்னும் இளகும். நீள முடி வளைந்துகொடுக்கும். மெஷினில் உதிரும் பொடி முடி வளையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளும் புழுக்கம் உச்சத்தில் இருக்கும். வியர்வை காயவே காயாது.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். உடலால் அதைக் கரைக்க முடியாது. வெள்ளை அணுக்கள் சூழ்ந்துகொள்ள, வீக்கம், சீழ். அப்புறம் தோலே உள்நோக்கி வளர்ந்து குழியாகும். அடுத்த முடிக்கு வாசல் தயார். மருத்துவத்தில் இதற்குப் பைலோநைடல் சைனஸ் என்று பெயர். லத்தீனில் பைலஸ் என்றால் முடி, நைடஸ் என்றால் கூடு. ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்களுக்கும் இது வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் குலுங்கிய வீரர்களுக்கு முதுகின் அடியில் வந்ததால், அங்கே அதற்கு 'ஜீப் நோய்' என்றே பெயர்.

குத்திய முடியை அன்றைக்கே ட்வீசரால் எடுத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை. குழி விழுந்துவிட்டால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். கையைக் கழுவியதும் இடுக்கை ஒற்றித் துடைத்துக் காயவிடுவது பாதி வேலையை முடித்துவிடும். கால் விரலிடுக்கிலும் இது வரும் என்பதால் மூடிய ஷூ நல்லது என்று அண்ணனிடம் சொன்னேன்.

"சாக்ஸும் போடணுமா?" என்றார், ஃபேனைப் பார்த்தபடி.