டின்னோடு வாருங்கள்

சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்த பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மகள் மறுநாள் மாத்திரை போட்டுவைத்த ஒரு பிஸ்கட் டின்னோடு என் மருந்துக் கவுண்டருக்கு வந்தார். அரசாங்க கிளினிக்கில் கொடுத்த, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்ளசைட் ஒரு பட்டை, தனியார் கிளினிக்கில் வாங்கிய டயாமைக்ரோன் ஒரு பட்டை. பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது ஒரே மருந்து. பாட்டி இரண்டையும் வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். "அரசாங்க கிளினிக்ல ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) தர்ற மருந்து கேட்காதுன்னு அம்மா சொல்வாங்க" என்றார் மகள். எங்கள் சுங்கை சிப்புட் ஊரில் இதை இன்னும் எத்தனை பேரிடம்தான் கேட்பேனோ!

ஐந்து மருந்துக்குப் போய்விட்டாலே நாங்கள் உற்றுப் பார்ப்போம். இனிப்புநீர் (சர்க்கரை நோய்), ரத்தக் கொதிப்பு, கொழுப்பு மூன்றும் இருப்பவருக்கு ஐந்து சுலபமாக வந்துவிடும். அதில் தப்பில்லை. தப்பு, நாலு இடத்தில் மருந்து வாங்கி, மொத்தத்தையும் ஒருவரிடமும் காட்டாதது. கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபினால் சிலருக்குக் கால் வீங்கும். அது தெரியாமல் வேறொரு டாக்டர் வீக்கத்துக்கு நீர் மாத்திரை எழுதுவார். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து வழுக்கி விழுந்தால் வலிக்கு இன்னொன்று.

அடுத்தது, கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும் பேச்சு: "மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்." ஐயா, கிட்னியை அதிகம் கெடுப்பது கட்டுக்குள் வராத இனிப்புநீரும் கொதிப்பும்தான். நீங்கள் மாத்திரையை டின்னில் போட்டுவிட்டு, அப்பாயின்ட்மென்ட் அன்று "சாப்பிட்டேன் டாக்டர்" என்கிறீர்கள். கொதிப்பு ரீடிங் 170 காட்டுகிறது. அவர் என்ன செய்வார்? அளவைக் கூட்டுவார், இன்னொன்றும் சேர்ப்பார். இப்படித்தான் மூன்று ஐந்தாகிறது, ஐந்து எட்டாகிறது. பிறகு ஒருநாள் மகன் வீட்டுக்குப் போய், மருமகள் எட்டையும் ஒழுங்காக எடுத்துக் கொடுத்தால் கொதிப்பு ஒரேயடியாக இறங்கித் தலை சுற்றும்.

கிட்னிக்குப் பயந்த இதே ஆட்கள், பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டித் தேய்ந்த முட்டிக்கு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவார்கள். கொதிப்பு மாத்திரை பெரிண்டோபிரில், நீர் மாத்திரை இரண்டோடும் அது சேர்ந்தால் கிட்னிக்கு நிஜமான ஆபத்து. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மாஜுன் என்ற மூலிகை மருந்தும் ஆபத்துதான். ஒரே நாளில் வலி பறந்தது என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஸ்டீராய்டு கலந்த சரக்கைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண் இல்லாததைத் தொடவே வேண்டாம்.

தயவுசெய்து எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பட்டையைக் கத்தரிக்காதீர்கள், பெயர் போய்விட்டால் எனக்கே அடையாளம் தெரியாது. சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை என்றே டாக்டரிடம் சொல்லுங்கள், யாரும் அடிக்கப்போவதில்லை. தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வரும் பிள்ளைகளே, டின்னைத் திறந்து பாருங்கள். மாஜுன், வைட்டமின் உட்பட மொத்தத்தையும் பையில் போட்டு கிளினிக் மருந்தாளரிடம் கொண்டுவாருங்கள். மிஞ்சியதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்க வேண்டாம். அரசாங்க மருந்தகக் கவுண்டரிலேயே திருப்பிக் கொடுக்கலாம்.