நீலச் சாயம் இல்லாத நீலக் கிண்ணம்

திருகோணமலை மாவட்டத்து உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தேர்ந்த குயவர்களின் கைவேலைக் கிண்ணங்களைச் சேகரிப்பவர். ஒரே குயவர், ஒரே பூச்சுக் கலவை, ஒரே சூளை என்றிருந்தும், ஒரு கிண்ணம் பால் கலந்த நீலமாகவும் மற்றொன்று மங்கிய பழுப்பாகவும் வந்திருப்பது ஏன் என்பது அவர் கேள்வி. விற்றவர் அதைக் கைராசி என்றாராம்.

கிண்ணத்தின் மேலுள்ள பளபளப்பு ஒரு மெல்லிய கண்ணாடிப் படலம். சிலிக்கா, அலுமினா, உருகலை எளிதாக்கும் கல்சியம், பொற்றாசியம் ஒட்சைட்டுகள் ஆகியவை 1250 முதல் 1300 பாகை செல்சியஸில் உருகிக் களிமண்ணின் மீது படிகின்றன. இவ்வளவும் பள்ளியில் படித்ததுதான்.

வியப்பு, சூளை ஆறும்போது தொடங்குகிறது. சிலிக்கா மிகுந்தும் அலுமினா குறைந்தும் உள்ள கலவை, ஆறுகையில் ஒரே திரவமாக நீடிக்க முடியாமல் இரண்டாகப் பிரிந்து, ரசத்தில் எண்ணெய்த் துளிகள் நிற்பதைப் போல, ஒரு கண்ணாடிக்குள் இன்னொரு கண்ணாடியின் நுண்துளிகளாக உறைந்துவிடுகிறது. இத்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு சிறியவை. அவ்வளவு சிறிய துளிகள் குறுகிய அலைகளையே மிகுதியாகச் சிதறடிக்கும். 450 நனோமீற்றர் நீலம், 650 நனோமீற்றர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறுகிறது. கோணேசர் மலைக்கு மேலுள்ள வானம் நீலமாயிருப்பதும் இந்த விதியால்தான். சீனத்தின் ஹெனான் மாகாணத்து ஜுன் கிண்ணங்களின் புகழ்பெற்ற நீலத்துக்குக் காரணமான இத்துளிகளை இலத்திரன் நுணுக்குக்காட்டி காட்டித் தந்தது. ஒட்சிசன் குறைந்த சூளையில் பூச்சிலுள்ள இரும்பும் அந்த நீலத்துக்குச் சற்று உதவுகிறது.

துளிகள் வளர நேரம் வேண்டும். விரைந்து ஆறினால் அவை உருவாகாமல், பூச்சுத் தெளிந்து அடியிலுள்ள பழுப்பே தெரியும். மிக மெதுவாக ஆறினால் துளிகள் பெருத்து, எல்லா நிறங்களையும் ஒருங்கே சிதறடித்து வெண்மையாகும். வாசலோரம் இருந்த கிண்ணமும் சூளையின் நடுவே இருந்த கிண்ணமும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. ஆகவே இதைக் கைராசி என்று சொல்லி முடித்துவிடுவது, ஆறும் வேகத்தைப் பல ஆண்டுகள் கவனித்துக் கற்ற குயவரின் அறிவையே சிறுமைப்படுத்துவதாகும்.

சேகரிப்பவர்கள் முதலில் விளிம்பைப் பார்க்க வேண்டும். பூச்சு வழிந்து மெலிந்த விளிம்பு பழுப்பாகவும், அது தடித்துத் திரண்ட அடிப்பகுதி ஆழ்ந்த நீலமாகவும் இருந்தால் அது பெரும்பாலும் சிதறலால் வந்த நிறம். கோபாற்றுச் சாயமாயின் மெலிந்த இடத்திலும் நீலமே தெரியும்.

ஜப்பானின் மஷிகோவில் குயவர் ஹமாடா ஷோஜி உமிச் சாம்பலைச் சேர்த்துப் பூச்சுச் செய்தார். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவே. தம்பலகாமத்து வயல்களில் உமிக்குக் குறைவில்லை. புல்மோட்டைக் கடற்கரை மணலிலுள்ள ரூட்டைல், அதாவது தைத்தானியம் ஈரொட்சைட்டு, சிறிதளவு சேர்த்தாலே இந்தப் பிரிவைத் தூண்டி நீலத்தைக் கொண்டுவரும். இரண்டும் இம்மாவட்டத்திலேயே கிடைக்கும்போது, ஒரு சோதனைச் சூளைக்கும் அதை இயக்கும் இரண்டு மாணவர்களுக்கும் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்குவது வீண் செலவாகாது என்பது என் உறுதியான கருத்து.

வாசகி அந்தக் குயவரை மீண்டும் சந்தித்தால், பழுப்புக் கிண்ணம் சூளையில் எந்த இடத்தில் இருந்தது, சூளை எத்தனை மணி நேரத்தில் ஆறியது என்று கேட்டுப் பார்க்கலாம்.