‘தலைகீழ்க் கட்டணம்’ அன்று, வாங்குவோர் பொறுப்பு வரி

வெளிநாட்டு நிறுவனத்திடம் மென்பொருள் சந்தாவோ விளம்பரச் சேவையோ வாங்கும் சிறுதொழில் நடத்துவோர், அதற்கான வரி விளக்கங்களில் ‘ரிவர்ஸ் சார்ஜ்’ என்ற தொடரைக் காணாமல் இருக்க முடியாது. தமிழில் அதைத் ‘தலைகீழ்க் கட்டணம் பொருந்தும்’ என்று எழுதுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

வழக்கமாக விற்பவரே விற்பனை வரியை வசூலித்து அரசுக்குக் கட்டுவார். அவர் எல்லைக்கு அப்பால் இருக்கையில், வாங்கும் தொழில் நிறுவனமே வரியைக் கணக்கிட்டுச் செலுத்த வேண்டும் என்று சட்டம் பொறுப்பை மாற்றி வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக் கூட்டு வரியிலும் இந்தியாவின் சரக்கு மற்றும் சேவை வரியிலும் இந்த ஏற்பாடு உண்டு. ‘சார்ஜ்’ என்பது வண்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லில் தோன்றி, ‘சுமை’ என்ற பொருளில் பிரெஞ்சு வழியே வந்தது.

சுமை என்பதே இங்கும் பொருள். கட்டணம் எங்கிருந்து வந்தது? பெற்ற சேவைக்குக் கைம்மாறாகக் கொடுப்பது கட்டணம், எதுவும் பெறாவிட்டாலும் சட்டத்தின்படி கட்டியாக வேண்டியது வரி. இந்த வேறுபாட்டைத் தமிழ் தெளிவாகக் காத்து வந்திருக்க, அகராதியின் முதல் பொருளை அள்ளிப் போடும் மொழிபெயர்ப்பாளர் அதைக் கலைத்துவிடுகிறார். ‘தலைகீழ்’ இன்னும் மோசம்: பணம் தமக்குத் திரும்பி வரும் என்றே படிப்பவர் நினைப்பார். ‘எதிர்மறை வரி’ என்பாரும் உளர். அது சுழியத்துக்குக் கீழான வரியைத்தான் நினைவூட்டும்.

இறக்குமதி என்றாலே ‘சுங்கம்’ என்று எழுதிவிடும் வழக்கமும் இதோடு சேர்ந்தது. எல்லையில் விதிக்கும் சுங்கம் வேறு, விற்பனை வரி வேறு. ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல் 1,000 டாலர் வரையுள்ள இறக்குமதிப் பொருள்களுக்கு, குறிப்பிட்ட வருவாயைத் தாண்டிய வெளிநாட்டு விற்பனையாளர்களும் இணையச் சந்தைகளுமே நுகர்வோரிடம் சரக்கு மற்றும் சேவை வரியை வசூலிக்கச் செய்தது. அது சுங்கமும் அன்று, பொறுப்பு மாறிய வரியும் அன்று.

‘பெறுநர் வரி’ என்று சிலர் முன்வைப்பது சுருக்கமானது; ஆனால் பெறுநர் சேவையைப் பெறுபவரா, வரியைப் பெறுபவரா? ஆகவே ‘வாங்குவோர் பொறுப்பு வரி’ என்பதே என் தேர்வு. நீளம் கருதி ‘வாங்குவோர் வரி’ என்று குறைப்பதற்கு நான் இசையேன். விற்பவர் கட்டினாலும் எந்த விற்பனை வரியும் பெரும்பாலும் வாங்குவோர் பணம்தான், இங்கே மாறியிருப்பது பொறுப்பு மட்டுமே.