ஊழியர் நலப் பக்கத்தில் இடம்பெறாத செய்திகள்

எங்கள் சமுதாய மருத்துவமனையின் மாதச் செய்திமடலில் கடைசிப் பக்கம் ஊழியர்களுக்கு உரியது. யாருக்குப் பதவி உயர்வு, யார் ஓய்வு பெறுகிறார், யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, கை சுத்தத் தணிக்கையில் எந்த வார்டு முதலிடம், அடுத்த உடற்பயிற்சி வகுப்பு என்றைக்கு என்பன போன்ற தகவல்கள் அதில் இருக்கும். ஊழியர் நலப் பிரிவின் மருத்துவர் என்ற முறையில் பல ஆண்டுகளாக அந்தப் பக்கத்தை நான்தான் தொகுத்து வருகிறேன். மடல் கைக்கு வந்ததும் முன்பக்கத்துத் தலையங்கத்தைத் தாண்டி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகிறவர்களே அதிகம். உடன் வேலை செய்கிறவரின் பெயரையும் படத்தையும் அச்சில் பார்க்கும் மகிழ்ச்சி சிறியதன்று என்பதால், அந்தச் செய்திகளைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஊழியர்களின் நலம் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்தப் பக்கத்தை மட்டும் படித்து யாராலும் அறிந்துகொள்ள முடியாது என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

புரியவைத்தவர் ஒரு தூய்மைப் பணியாளர். வெளிநோயாளிகள் பிரிவில் கூட்டம் ஓய்ந்த ஒரு மாலையில் என் அறை வாசலில் வந்து நின்றவர், "டாக்டர், ஒரு சின்ன விஷயம்" என்று தயங்கித் தயங்கித் தொடங்கினார். வலது கட்டைவிரலின் அடிப்பகுதியில் கடுகளவு ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி, அதன் மேல் ஓரம் பிய்ந்த பிளாஸ்திரி. குப்பைப் பையின் வாயைச் சேர்த்துக் கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி பையையும் மெல்லிய கையுறையையும் துளைத்து விரலில் ஏறியிருக்கிறது. கூர்முனைக் கழிவுப் பெட்டிக்குப் போயிருக்க வேண்டிய ஊசியை யாரோ அவசரத்தில் சாதாரணக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். எப்போது நடந்தது என்று கேட்டேன். நான்கு நாள் ஆகிறது என்றார். ஏன் உடனே வரவில்லை என்று கேட்டதற்கு, தாம் ஒப்பந்த ஊழியர் என்றும், பையைச் சரியாகக் கட்டத் தெரியவில்லை என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று பயந்ததாகவும் சொன்னார்.

அந்த நான்கு நாள் மருத்துவக் கணக்கில் மிகப் பெரிய இடைவெளி. எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் 3 தான் என்றாலும், அதைத் தடுக்கும் மாத்திரைகளை முடிந்தவரை சில மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும். அவரைப் பொறுத்தவரை அந்தக் கெடு ஏற்கெனவே கடந்துவிட்டிருந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இதைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றக்கூடியது. தடுப்பூசிப் பாதுகாப்பு இல்லாதவருக்கு, ஊசியிலிருந்த ரத்தத்தின் தன்மையைப் பொறுத்து நூற்றுக்கு 6 முதல் 30 வரை வாய்ப்பு உண்டு. அவர் வேலையில் சேர்ந்தபோது முதல் தவணை மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். மற்றத் தவணைகளை யாரும் நினைவூட்டவில்லை. அந்த வைரஸுக்கு எதிரான ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியான ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலினை 24 மணி நேரத்துக்குள் போடுவதே சிறப்பு என்றாலும் ஏழு நாள் வரை போட இடமிருந்ததால், அன்றைக்கே அதையும் அடுத்த தவணைத் தடுப்பூசியையும் போட்டோம். அடிப்படை ரத்தப் பரிசோதனைகளைச் செய்து, அடுத்த ஆறு மாதங்களுக்கான பரிசோதனை நாட்களைக் குறித்துக் கொடுத்தோம். அந்த ஆறு மாதமும் அவர் தூக்கமில்லாமல் கழித்தார் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு முடிவையும் வாங்க வரும்போது அறிக்கையைப் பார்க்கமாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். எல்லா முடிவுகளும் நல்லபடியாகவே வந்தன.

ஊசி குத்தியவுடன் செய்ய வேண்டியவை எளியவை. குத்திய இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ரத்தத்தைப் பிதுக்கி எடுப்பதோ, பிளீச்சிங் கரைசலையோ வேறு அரிக்கும் திரவத்தையோ ஊற்றுவதோ பயன் தராது, திசுக்களுக்குக் கேடுதான் விளைவிக்கும். கண்ணில் ரத்தம் தெறித்திருந்தால் சுத்தமான நீரால் நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு, கையிலுள்ள வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த ஷிஃப்ட் முடியும்வரை காத்திராமல் உடனே தெரிவிக்க வேண்டும். ஹெபடைடிஸ் சி வைரஸுக்குத் தடுப்பூசியும் இல்லை, குத்திய பிறகு போடும் தடுப்பு மருந்தும் இல்லை. ஆனால் தொடர் பரிசோதனையில் தொற்று தெரியவந்தால் இன்றைய மாத்திரைகளால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முழுமையாகக் குணமடைகிறார்கள். ஆகவே எந்த வைரஸாக இருந்தாலும், சொன்னால் வழி உண்டு.

சொல்வதற்குத்தான் பயம். அந்தப் பயத்தை ஊழியரின் அறியாமை என்று ஒதுக்கிவிடும் போக்கை நான் ஏற்கமாட்டேன். "எப்படிக் குத்திக்கொண்டாய்?" என்பதே நாம் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்வரை, குத்துப்பட்டவர் கையைப் பின்னால் மறைத்துக்கொள்ளத்தான் செய்வார்.

ஊழியருக்கு நேர்ந்த காயத்தை வெளிப்படையாக ஆராய்ந்ததால் நோயாளிகள் பிழைத்த கதை மருத்துவ வரலாற்றிலேயே இருக்கிறது. 1847ஆம் ஆண்டு வியன்னாவில் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் ஜேக்கப் கோலெட்ஷ்கா பிணக்கூறாய்வு செய்துகொண்டிருந்தபோது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டது. அதனால் வந்த தொற்றில் அவர் இறந்துபோனார். அவருடைய நண்பர் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ், கோலெட்ஷ்காவின் உடலைக் கூறாய்ந்த அறிக்கையைப் படித்தபோது, பிரசவக் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்த தாய்மார்களின் உடலில் கண்ட அதே மாற்றங்களை நண்பரின் உடலிலும் கண்டார். பிணவறையிலிருந்து நேரே பிரசவ வார்டுக்கு வரும் மருத்துவர்களின் கைகளே நோயைச் சுமக்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தது அப்படித்தான். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவுவதை அவர் கட்டாயமாக்கியதும், ஏப்ரலில் 18 விழுக்காட்டைத் தாண்டியிருந்த தாய்மார் இறப்பு ஜூனில் 2 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. ஒரு சக ஊழியரின் விரலில் பட்ட காயத்தைப் பொருட்படுத்திய ஒருவரிடமிருந்துதான் இன்று நாம் தணிக்கை செய்து பரிசு கொடுக்கும் கை சுத்தம் தொடங்கியது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் வகுப்பில் இதைச் சொல்கிறேன்.

அந்தத் தூய்மைப் பணியாளர் வந்து போன பிறகு, பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தடுப்பூசி முகாம் நடத்தியதாக மடலில் படத்தோடு செய்தி போட்டிருக்கிறோம். ஆனால் முதல் தவணை போட்டவர்களில் எத்தனை பேர் ஒரு மாதத்திலும் ஆறாவது மாதத்திலும் திரும்பி வந்தார்கள் என்று எங்கும் குறிக்கவில்லை. மூன்று தவணை முடித்தவர்களுக்கும் வேலை அத்தோடு முடிந்துவிடுவதில்லை. கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். அது மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகாவது இருந்தால்தான் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது என்று பொருள். சிலருக்கு, குறிப்பாக வயது கூடியவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும், முதல் சுற்றில் அந்த அளவு வராமல் போகலாம். அவர்களுக்கு இன்னொரு சுற்றுத் தடுப்பூசி தேவைப்படும். அட்டையில் மூன்று கையெழுத்து இருப்பதைப் பார்த்துவிட்டுப் பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிற செவிலியர்களும் ஆய்வக ஊழியர்களும் எத்தனையோ பேர். இதைப் படிக்கிறவர்கள் மருத்துவமனையில் எந்த வேலையில் இருந்தாலும், உங்கள் டைட்டர், அதாவது ரத்தத்திலுள்ள அந்த எதிர்ப்பொருளின் அளவு, எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா என்று தயவுசெய்து ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

இரவுப் பணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்வாழ்வு வாரத்தில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குத் தூக்கத்தைப் பற்றிய உரை ஒன்றை ஏற்பாடு செய்திருந்தோம். முந்தைய இரவு முழுவதும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றுவிட்டு, வருகைப் பதிவுக்காக வீட்டுக்குப் போகாமல் காத்திருந்த செவிலியர் ஒருவர், கடைசி வரிசை நாற்காலியில் சாய்ந்தபடியே உறங்கிப்போனார். மடியிலிருந்து நழுவிய அடையாள அட்டை தரையில் கிடந்தது. பேச்சாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவரை எழுப்ப வேண்டாமென்று நானே சைகை காட்டினேன், ஆனால் நெஞ்சு கனத்துப்போயிற்று. அவர் நலனுக்கென்று நாங்கள் நடத்திய நிகழ்ச்சி அவர் தூங்க வேண்டிய நேரத்தைத்தான் பறித்திருந்தது.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவருடைய நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. பகலில் தூங்க முடியாமல் போனவர் இரவுப் பணிக்கு வந்தால், விடியற்காலை மருந்து கொடுக்கும் நேரத்தில் இந்த நிலையைத் தாண்டியே இருப்பார். உடல் வெப்பம் மிகவும் தாழும் மூன்று மணி முதல் ஐந்து மணி வரையிலான நேரத்தில் மன உறுதியால் மட்டும் விழித்திருந்துவிட முடியாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடலின் நாள் தாளத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை 2007இலேயே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதத்தக்க 2ஏ பிரிவில் வைத்தது. 2019இல் இரவுப் பணி என்ற பெயரில் அதையே உறுதிசெய்தது. இரவில் யாராவது விழித்திருந்துதான் ஆகவேண்டும் என்பதால், அந்தச் சுமையைக் குறைக்கும் வகையில் பணிப்பட்டியலைப் போடும் பொறுப்பு நிர்வாகத்தைச் சேர்கிறது. காலை, பிற்பகல், இரவு என்று முன்னோக்கிச் சுழலும் பட்டியல், பின்னோக்கிச் சுழல்வதைவிட உடலுக்கு இசைவானது. நள்ளிரவுக்குப் பின் மாற்றுக்கு ஒருவரை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கண்ணயர அனுமதித்தால் விடியற்காலைத் தடுமாற்றம் குறைகிறது. எழுந்தவுடன் சில நிமிட மந்தம் இருக்கும் என்பதால் அது தெளிந்த பிறகே மருந்தில் கைவைக்க வேண்டும். பணி முடிந்து தாமே வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதால், புறப்படுமுன் ஓய்வறையில் சற்றுப் படுத்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.

எங்கள் மருத்துவமனையில் உபயோகமில்லாமல் கிடந்த ஒரு சேமிப்பறையைக் காலி செய்து இரண்டு கட்டிலும் கனமான திரையும் போட்டோம். ரத்த அழுத்தப் பரிசோதனையையும் சளிக்காய்ச்சல் தடுப்பூசியையும் அரங்கத்திலிருந்து எடுத்து, இரவு ஷிஃப்ட் தொடங்கும் ஒப்படைப்பு நேரத்துக்கு வார்டுகளுக்கே கொண்டுபோனோம். அரங்கத்து நிகழ்ச்சிகளுக்கு இதுவரை வந்தவர்கள் பெரும்பாலும் அலுவலகப் பிரிவினர்தான் என்பதும், சமையலறை, சலவை, காவல் பிரிவினர் அழைக்கப்படவே இல்லை என்பதும் அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

முதுகுவலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சரியான முறையில் குனிந்தால் எத்தனை எடையையும் தூக்கலாம் என்ற நம்பிக்கை தவறானது. நோயாளியைக் கையால் தூக்கும்போது ஏறத்தாழ 16 கிலோவுக்கு மேல் ஒருவர் தாங்கக்கூடாது என்பதே ஏற்கப்பட்ட வரம்பு. உடல் பருத்த ஒருவரின் ஒரு காலே அந்த எடைக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்பதால், நோயாளியை நகர்த்த உதவும் வழுக்கு விரிப்பும் தூக்கு கருவியும் வாங்காமல் முதுகுப் பயிற்சி வகுப்பு மட்டும் நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

உடலில் தெரியாத காயங்களும் உண்டு. மருந்தின் அளவு மாறிப்போய், நோயாளி ஒரு நாள் கூடுதலாகக் கண்காணிப்பில் இருக்க நேர்ந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு, அந்த மருந்தைக் கொடுத்த அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் ஒவ்வொரு குப்பியையும் மூன்று முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தொடங்கினார். பிறகு விடுப்புகள் கூடின. மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000ஆம் ஆண்டில் இந்த நிலையில் இருப்போரை இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று குறிப்பிட்டார். பாதிப்பு முதலில் நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும்தான் என்பதால் அந்தச் சொல்லை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும் அந்தச் செவிலியரிடம் விசாரணைக் குழு பேசியதே தவிர, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று இரண்டு வாரம் வரை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இப்போது அப்படியொரு சம்பவம் நடந்தால், அதே நாளில் சக ஊழியர் ஒருவர் விசாரணைக்குத் தொடர்பில்லாமல் அவரோடு உட்கார்ந்து பேசுவதை வழக்கமாக்கியிருக்கிறோம். பணிச்சோர்வை நோய் என்று சொல்லாமல் வேலைசார்ந்த நிகழ்வு என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் வகைப்படுத்தியதில் எனக்கு மிகுந்த உடன்பாடு உண்டு, ஏனெனில் அது திருத்த வேண்டிய இடத்தை வேலையில் காட்டுகிறது.

ஊழியரின் உடல்நிலையைச் செய்தியாக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம் என்ற நல்லெண்ண வரிகூட, சம்பந்தப்பட்டவரின் எழுத்துபூர்வ சம்மதமில்லாமல் அச்சில் வரக்கூடாது. கருவுற்றிருப்பதையோ அறுவை சிகிச்சையையோ எப்போது, யாருக்குச் சொல்வது என்பது அவரவர் முடிவு.

கடைசிப் பக்கத்தில் பதவி உயர்வுகளும் குழந்தைகளின் படங்களும் இன்றும் வருகின்றன. அவற்றோடு, அந்த மாதம் எத்தனை ஊசிக்குத்துகள் தெரிவிக்கப்பட்டன, எந்த வேலையின்போது நேர்ந்தன, அதற்காக எதை மாற்றினோம் என்பதையும் பெயரில்லாமல் போடுகிறோம். அந்தப் பகுதி தொடங்கிய முதல் சில மாதங்களில் தெரிவிப்புகள் கூடியதைப் பார்த்து நிர்வாகக் கூட்டத்தில் சிலர் கவலைப்பட்டார்கள். மறைந்திருந்தவை வெளியே வருகின்றன என்று எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது. கூர்முனைக் கழிவுப் பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும் என்ற விதி எல்லா வார்டிலும் ஒட்டப்பட்டிருந்தும் யாரும் பொருட்படுத்தியதில்லை. இப்போது புதுப் பெட்டி எந்த வார்டுக்கு வந்தாலும், அன்று என் வாசலில் தயங்கி நின்ற அதே பணியாளர் தடித்த சிவப்புப் பேனாவால் முக்கால் அளவில் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் அதைச் சுவரில் மாட்டுகிறார்.