கழுதையா, இடிக்கடவுளா? அனத்தோலிய மொழிகளில் ஒரு சொல்லின் வேரைத் தேடும் முறை

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளி முத்திரை இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விளிம்பைச் சுற்றி ஆப்பெழுத்து (ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன பழைய எழுத்து), நடுவில் ஓர் அரசன், அவனுக்கு இருபுறமும் அதே செய்தி சித்திர எழுத்தில். 19-ஆம் நூற்றாண்டில் இதை வாசித்தவர்கள் அரசனின் பெயரைத் ‘தர்கொண்டெமோஸ்’ என்று கொண்டார்கள். இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த சிலிசியாவை ஆண்ட தர்கொண்டிமோட்டோஸ் என்பவனைக் கிரேக்க நூல்கள் வழியாக ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். முத்திரையில் தெரிந்த எழுத்தும் அதைப் போலவே ஒலித்தது. அந்தச் சிலிசிய மன்னன் பெயரில் இருப்பதோ தர்ஹுண்ட் என்னும் இடிக்கடவுள். பழங்காலத் துருக்கி மண்ணில் அனத்தோலிய மொழிகளைப் பேசியவர்கள் வணங்கிய கடவுள் அவர்; ஹிட்டைட், லூவியம், லிசியம், கேரியம் முதலிய அம்மொழிகள் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஒரு கிளை. ஆக, முத்திரை மன்னனும் இடிக்கடவுளின் பெயரைச் சூடியவன் ஆகிவிட்டான்.

1998-இல் டேவிட் ஹாக்கின்ஸ் என்ற அறிஞர் அந்தப் பெயரைத் திருத்தினார். துருக்கியின் இஸ்மீர் அருகே கராபெல் கணவாயில் உள்ள பாறைச் சிற்பத்தையும், ஹிட்டைட் தலைநகரான பொகாஸ்கோயில் கிடைத்த முத்திரைப் பதிவுகளையும் இதனோடு ஒப்பிட்டு, பெயர் ‘தர்கஸ்னவா’, நாடு ‘மிரா’ என்று காட்டினார். பெயரை எழுதிய சித்திரக்குறி ஒரு கழுதைத் தலை. தர்கஸ்னா என்றால் கழுதை. இடிக்கடவுளுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 1880-இல் இந்த முத்திரையை வைத்துக்கொண்டு சேஸ் என்ற அறிஞர் ‘அரசன்’, ‘நாடு’ ஆகிய இரு சித்திரக்குறிகளைச் சரியாகவே கண்டுபிடித்தார். குறிகள் சரி, பெயர் மட்டும் தவறு. ஒலி ஒற்றுமையில் கால் வைத்த இடத்தில்தான் சறுக்கல்.

சொல்லின் வேரைத் தேடுகிறவர்கள் முதலில் பழக வேண்டியது அகராதியை அல்ல, எழுத்துமுறையை. உண்மையான தர்ஹுண்ட்டையே எடுத்துக்கொள்வோம். ஹிட்டைட் களிமண் பலகைகளில் இந்தக் கடவுளின் பெயரை முழுதாக ஒலிப்படி எழுதியிருப்பது அரிது. எழுத்தர்கள் சுமேரியச் சொல்லெழுத்து (ஒரு முழுச் சொல்லையும் ஒரே குறியால் காட்டும் எழுத்து) ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதுவும் இரண்டு வகை. ஒன்று, ‘காற்று, புயல்’ என்பதற்கான குறி. மற்றொன்று 10 என்ற எண். இடிக்கடவுளின் எண் பத்து. பிறகு சொல்லின் கடைசிப் பகுதியை மட்டும் ஒலியெழுத்தால் ஒட்டுவார்கள். தமிழில் ‘10-ஆம் வகுப்பு’ என்று எழுதுகிறோமே, அதே ஏற்பாடுதான். ‘பத்து’ என்ற சொல் அங்கே எழுதப்படவில்லை. ஆனால் ‘ஆம்’ என்ற வால் இருப்பதால் ‘பத்தாம்’ என்று தயங்காமல் படிக்கிறோம்.

அந்த வால்தான் நமக்குச் சான்று. ஹிட்டைட் மொழியின் மிகப் பழைய நூல் என்று கருதப்படும் அனித்தா மன்னனின் பிரதியில், தொடக்கத்திலேயே, அவன் ‘வானத்தின் இடிக்கடவுளுக்கு உகந்தவனாக இருந்தான்’ என்று வருகிறது. அங்கே சொல்லெழுத்துக்குப் பின் ‘-உன்னி’ என்ற நான்காம் வேற்றுமை வால் நிற்கிறது. எனவே ஹிட்டைட் வடிவம் ‘தர்ஹுன்ன-’. தர்ஹுண்டாஸா என்ற நகரப் பெயரை ‘10-தாஸ்ஸா’ என்று எழுதுவார்கள். இங்கே வாலின் முதல் எழுத்து ‘த’. ஆகவே லூவிய மொழி வடிவத்தின் அடிச்சொல் ‘ந்த்’ என்று முடிகிறது. ‘-அஸ்ஸா’ என்பது ‘அவருக்கு உரியது’ என்னும் லூவிய விகுதி.

வால் இல்லாத இடத்தில் சொல்லெழுத்தைத் தர்ஹுண்ட் என்று எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. அதே குறிக்குப் பின்னால் வேறு மக்களின் இடிக்கடவுள்களும் இருக்கலாம்: ஹுர்ரியரின் தெஷுப் இருக்கலாம், ஹத்தியரின் தாரு இருக்கலாம், அக்காடியரின் அதாத் இருக்கலாம். புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை இதுதான்: தரவுத்தளத்தில் ஐந்நூறு இடம் கிடைத்தது என்பார்கள், ஒலிவடிவத்துக்குச் சான்றாவது அதில் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும். இன்னொரு நடைமுறைத் தொல்லையும் உண்டு. புயல் குறியைச் சில பதிப்பாளர்கள் ‘இம்’ என்றும் சிலர் ‘இஷ்குர்’ என்றும் பெயர்த்தெழுதுகிறார்கள். இரண்டும் ஒரே குறி. 10-ஐச் சிலர் எண்ணாகவும் சிலர் ‘உ’ என்றும் எழுதுவார்கள். நான்கையும் தனித்தனியே தேடாவிட்டால் பாதிச் சான்று கைநழுவும்.

அடுத்து வினைச்சொல். ‘வெல்லு, அடக்கு’ என்ற பொருளில் ஹிட்டைட்டில் ஒரு வினை உண்டு. பழைய அகராதிகளில் அது ‘தர்ஹ்-’ என்றும், பின்வந்தவற்றில் ‘தர்ஹு-’ என்றும் இருக்கும். ஏன் இந்த வேறுபாடு? ஆப்பெழுத்தில் அஹ், எஹ், இஹ், உஹ் நான்குக்கும் ஒரே குறி. ஓலைச்சுவடியில் எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும். துணைக்காலும் ரகரமும் கண்ணை ஏமாற்றும். சூழலைப் பார்த்துத்தான் பிரிப்போம். இங்கேயும் அப்படியே. ‘தர்-?ஹ்-சி’ என்ற எழுத்தை முன்பு ‘தர்-அஹ்-சி’ என்று படித்தார்கள். ஆனால் அதே வினை ‘தர்-ஹு-சி’ என்றும் ‘த-ரு-உஹ்-சி’ என்றும் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்ட இடங்கள் உள்ளன. உகரம் ஹகரத்துக்கு ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னுமாக அலைகிறது. ‘குடி’ என்று பொருள்படும் ‘எகு-’ என்ற வினையும் இப்படியே ‘எ-கு-சி’, ‘எ-உக்-சி’ என்று இருவிதமாக வரும். அங்கே இருப்பது இதழ் குவித்துச் சொல்லும் ககரம் என்பது வேறு வழியில் உறுதியானது. ஆகவே இங்கேயும் தனி உகரம் இல்லை, இதழ் குவித்துச் சொன்ன ஹகரம் என்ற விளக்கம் பொருந்துகிறது. எழுத்துப்பிழை என்று ஒதுக்கிவிடக்கூடிய ஒரு தடுமாற்றம், ஒலியைக் காட்டிக்கொடுக்கிறது. இந்த விளக்கம் சரியா என்பதை வேறு எழுத்தில், வேறு மொழியில் சோதிக்க முடியும். லிசிய மொழிக்குப் போகும்போது அதைப் பார்க்கலாம்.

இடையில் லூவிய சித்திர எழுத்து. இங்கே இடிக்கடவுளைக் குறிக்க ‘கடவுள்’ என்ற வகைக்குறியும், அதன்பின் இடிக்குறியும், பிறகு ‘ஹு-ச’ போன்ற வாலும் வரும். எழுவாய் வடிவம் ‘தர்ஹுன்சாஸ்’. தென் துருக்கியின் கராடெப்பேயில் லூவியத்திலும் பினீசியத்திலும் பொறித்த நீண்ட இருமொழிக் கல்வெட்டில், லூவியம் தர்ஹுன்சாஸ் என்னும் இடத்தில் பினீசியம் ‘பாஅல்’ (Baal) என்று தன் இடிக்கடவுளைச் சொல்கிறது. பொருளில் ஐயமே இல்லை. ஆனால் பழைய பதிப்புகளைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை. இன்று சி, ச என்று படிக்கும் இரண்டு முக்கியக் குறிகள் 1970-களின் தொடக்கம்வரை இகர ஒலிகளாகப் படிக்கப்பட்டன. ஹாக்கின்ஸ், மார்பர்கோ டேவிஸ், நொய்மன் மூவரும் சேர்ந்து அதை மாற்றினார்கள். அந்தத் திருத்தத்துக்கு முந்திய நூல்களிலிருந்து லூவியச் சொல்லை அப்படியே எடுத்து ஒப்பிட்டால், இல்லாத சொல்லுக்கு வேர் தேடிக்கொண்டிருப்போம். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் பழைய நூல்களே என்பதால் இந்த விபத்து அடிக்கடி நடக்கிறது.

லிசியம் கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளின் மொழி. தனி அகரவரிசை, சொல்லெழுத்து, வால் என்ற தொல்லையெல்லாம் இல்லை. கல்லறையைச் சேதப்படுத்துகிறவனைத் தாக்கும்படி வைத்த சாபங்களில் ‘த்ர்க்கஸ்’ என்ற கடவுள் வருகிறார்; நான்காம் வேற்றுமையில் ‘த்ர்க்கன்தி’. உயிர்கள் சுருங்கிவிட்டன, அதில் வியப்பில்லை. எழுவாயில் மட்டும் ‘ந்த்’ மறைவதும் ‘-ந்த்ஸ்’ என்ற கூட்டு நலிந்ததால்தான். லூவியத்தின் ‘-ன்ச’வும் அதே கூட்டிலிருந்து வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது நடுவில் நிற்கும் ககரம். லிசியத்தில் இரண்டு வேறு எழுத்துகள் உண்டு. ஹிட்டைட்டின் வெறும் ஹகரத்துக்கு ஈடாக வருவது ஒன்று: பாட்டன் ஹிட்டைட்டில் ‘ஹுஹ்ஹஸ்’, லிசியத்தில் ‘குகா’, பாட்டி ‘ஹன்னஸ்’, லிசியத்தில் ‘க்ன்னா’. தமிழில் இவற்றைக் ககரமாகத்தான் எழுத முடிகிறது, ஆனால் அந்த எழுத்து வேறு. த்ர்க்கஸ் என்ற பெயரில் இருப்பது இரண்டாவது எழுத்து. அது இதழ் குவிந்த ஹகரத்துக்கு உரியது. ஆயிரம் ஆண்டு தள்ளி, வேறொரு எழுத்துமுறையில், ஹிட்டைட் எழுத்தரின் தடுமாற்றத்துக்குச் சாட்சி கிடைக்கிறது. வேர்ச்சொல் ஆய்வில் சான்று என்றால் இந்த மாதிரிதான் இருக்க வேண்டும். பெயர்கள் ஒன்றுபோல ஒலித்ததால் வந்ததல்ல இது. ஒலிகள் வேறுபட்ட விதமே ஒரு நியதிக்கு உட்பட்டிருந்தது. கேரிய மொழியிலும் ‘த்ர்குதே’ போன்ற வடிவம் இக்கடவுளின் பெயராகவே கொள்ளப்படுகிறது. 1996-இல் கௌனோஸில் கேரிய-கிரேக்க இருமொழிக் கல்வெட்டு கிடைத்து எழுத்து மதிப்புகள் உறுதியான பிறகே அதை நம்பி எடுத்தாள முடிந்தது.

அனத்தோலியக் கிளைக்கு வெளியே போவதற்கு ஒரே கடவுச்சீட்டு இந்த ஹகரம். ஹிட்டைட் ஹகரம் நிற்கும் இடத்தில் சமஸ்கிருதத்தில் என்ன நிற்கும் என்று பார்த்தால் மூன்று நிலைகள் தெரியும். சொல் முதலில் ஒன்றுமே நிற்காது: எலும்பு ஹிட்டைட்டில் ‘ஹஸ்தாய்’, சமஸ்கிருதத்தில் ‘அஸ்தி’, நாம் ஆற்றில் கரைக்கும் அதே அஸ்தி. உயிருக்குப் பின் நின்றால் அந்த உயிர் நீளும்: ‘பஹ்ஸ்-’ என்பதற்கு ஈடு ‘பா-’, இரண்டுக்கும் காத்தல் என்று பொருள். உயிர்போல ஒலித்த ரகரத்துக்குப் பின் நின்றால் ஈர், ஊர் என்று நீளும். 1879-இல் மொழியியலாளர் சொஸ்யூர், கண்ணால் காணாத ஓர் ஒலியை வெறும் கணக்காக அனுமானித்தார். ஹிட்டைட் அப்போது வாசிக்கப்படவே இல்லை. 1915-இல் ஹ்ரோஸ்னி ஹிட்டைட்டைப் படித்து அறிவித்தபின், 1927-இல் குரிலோவிச் அந்த அனுமான ஒலி ஹிட்டைட் ஹகரமாக உட்கார்ந்திருப்பதைக் காட்டினார்.

எனவே ‘தர்ஹு-’ என்பதற்குச் சமஸ்கிருதத்தில் தேட வேண்டியது ‘தர்’ என்று தொடங்கும் ஏதோவொன்றையல்ல. தீர், தூர் என்று நீளும் வேரை. ‘தூர்வதி’ என்ற வேத வினை இருக்கிறது. பொருள் ‘வென்று அடக்குகிறான்’. அதன் வேரின் அடிப்படைப் பொருள் கடத்தல், தாண்டுதல். ‘தீர்த்தம்’ என்பது கடக்கும் துறை, ‘அவதாரம்’ கீழே இறங்கிக் கடந்து வருதல், ‘தாரக மந்திரம்’ கடத்திவிடும் மந்திரம். தமிழில் புழங்கும் இந்த வடசொற்களும் தர்ஹுண்ட்டும் ஒரே வேரில் பிறந்தவை. தீர்த்தத்தின் நெடில் ஈகாரத்துக்குள் அந்த ஹகரம் கரைந்து கிடக்கிறது.

அப்படியானால் தர்ஹுண்ட் என்பது ‘வெல்பவன்’; நம் இலக்கணத்தில் சொன்னால் வினையாலணையும் பெயர். இங்கே ஒரு முள் உண்டு. ஹிட்டைட்டில் செயப்படுபொருள் குன்றாவினையோடு ‘-அந்த்’ சேர்ந்தால் பெரும்பாலும் செயப்பாட்டுப் பொருள் வரும்: ‘குனந்த்’ என்றால் கொன்றவன் அல்ல, கொல்லப்பட்டவன். அந்த விதிப்படி தர்ஹுண்ட் ‘வெல்லப்பட்டவன்’ ஆகிவிடுவார்! இதற்கு ஏற்கத்தக்க விடை, பெயர் ஹிட்டைட்டின் அந்த விதியைவிட மூத்தது என்பதே. கிரேக்கத்திலும் சமஸ்கிருதத்திலும் இதே விகுதி செய்வினைப் பொருளே தருகிறது. வேர் கிடைத்ததும் மகிழ்ந்து நின்றுவிடாமல், விகுதியின் வேலையையும் விளக்கியாக வேண்டும். பெரும்பாலான ‘கண்டுபிடிப்புகள்’ உடைவது இந்த இரண்டாம் படியில்தான்.

இனி ஒலியால் மட்டும் ஒட்டிக்கொள்பவை. ரோமின் தர்குவின் மன்னர் பெயரைத் தர்ஹுண்ட்டோடு இணைப்பது பழைய பழக்கம். அந்த மன்னர்கள் எத்ருஸ்க வழியினர்; எத்ருஸ்கம் இந்தோ-ஐரோப்பிய மொழியே அல்ல. இரவல் என்று சொல்ல வேண்டுமானால் எந்த வடிவம், எந்த வழியில், எப்போது போனது என்று காட்ட வேண்டும், ஒலி ஒற்றுமை போதாது. கெல்டியரின் இடிக்கடவுள் தரனிஸ் இன்னும் ஆசை காட்டும் இரை: அவரும் இடிக்கடவுள், அவரும் ‘தர’. ஆனால் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் கிடைத்த கி.பி. 154-ஆம் ஆண்டுப் பலிபீடத்தில் பெயர் ‘தனருஸ்’ என்று இருக்கிறது. ரகரமும் னகரமும் இடம் மாறிய வடிவமே தரனிஸ். வேர் ‘இடி’, ‘வெல்’ அல்ல. தமிழில் ‘தருக்கு’, ‘தாக்கு’ என்று தொடங்கி நீளும் பட்டியல்களும் சுற்றுகின்றன. ஹகரத்துக்கு என்ன ஆயிற்று, ‘ந்த்’ எங்கே போனது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் அவை அடங்கிவிடும்.

எளிதில் அடங்காதது ஹத்தியரின் ‘தாரு’. ஹிட்டைட்டுகள் வருமுன் அதே மண்ணில் இருந்தவர்களின் இடிக்கடவுள். மொழி வேறு குடும்பம். பெயரும் நெருக்கம், தொழிலும் ஒன்று, இடமும் ஒன்று. தர்ஹுண்ட்டுக்கு வினையடி இருக்கிறது, விகுதி இருக்கிறது, வேதத்தில் இணை இருக்கிறது, ஆகவே தாருவிலிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பல அடைமொழிகளுக்கிடையே ‘வெல்பவன்’ என்ற இந்த ஒன்று இக்கடவுளின் பெயராக நிலைத்ததற்கு, தாரு என்ற பழகிய ஒலி துணை நின்றிருக்கலாம். சொல்லின் வேரைக் குறித்துவைக்கும் பதிவட்டையில் இதை எழுதும்போது ‘தாருவிலிருந்து’ என்று எழுதாமல் ‘தாரு, ஒப்புநோக்குக’ என்று தனி வரியில், வேர் வரியைத் தொடாமல் எழுத வேண்டும்.